குழந்தைகளின் ஈரற்கட்டியும் நமது கடமையும்

நம் நாட்டிலே குழந்தையின் வயிறு பெருத்துக் காணப்படின் அதற்கு வழங்கும் பெயர்கள் பல. மாந்தம் என்பர், கணை என்பர், ஈரற்கட்டி என்பர், குலைக்கட்டி என்பாரும் உளர். பெயர் ஒன்று கிடைத்துவிடின், நோய் இன்னதென்று தெளிந்துவிட்டதாகவே பெற்றோர் கருதுவர். அதன்பின் அப்பெயருக்குரிய கஷாயமோ, எண்ணெயோ, மந்திரித்த கயிறோ வீடு வந்து சேரும், மாதங்கள் கழியும். பெயரறிவையே நோயறிவாகக் கொள்ளும் இவ்வழக்கம் குழந்தைகள் சிலரின் உயிருக்கு இறுதியாய் முடிகின்றது. காலத்தில் அறியப்பெறின் அவருட் பெரும்பாலோர் பிழைக்கத்தக்கவரே. பிழைப்பிப்பதற்கு வேண்டும் மருந்து பெரும்பாலும் நம் கைவசம் இருக்கின்றது. மருந்தல்லாத பிறவே நம்மிடம் குறைவு. இதுவே யான் ஈண்டு எடுத்துரைக்கக் கருதியது.

ஈரற்கட்டி என்னும் பழஞ்சொல்லின் கீழ், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நோய்கள் பல அடங்கிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று, சென்ற நூற்றாண்டில் நம் நாட்டு இளங்குழந்தைகளைப் பெரிதும் வாட்டிய ஈரல் இறுகு நோய். குழந்தையின் ஈரல் பருத்துக் கல்லெனக் கடினமாகும். பலர் சில மாதங்களிலேயே மாண்டனர். பித்தளை, செப்புப் பாத்திரங்களிற் காய்ச்சி வைத்த பாலின் வழியே செம்பு குழந்தையின் ஈரலிற் சென்று தங்குதல் இதற்கு முக்கியமானதொரு காரணமென்று 1980-க்குப் பின்னர் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். அப்பாத்திரங்கள் அடுக்களையை விட்டு நீங்கவே அந்நோயும் 1990-களில் பெரும்பாலும் மறைந்தொழிந்தது. (எவர்சில்வர் பாத்திரத்தில் என்ன லட்சணம் இருக்கின்றதென்று இகழும் பாட்டிமார் இதனைச் சற்றே நினைவுகூர்வது நன்று.) நோய் மறைந்தது, பெயர் மட்டும் மறையவில்லை. அப்பெயரின் நிழலிலே வேறொரு நோய் இன்றும் ஒளிந்து நிற்கின்றது.

அதுதான் குழந்தைகளின் ஈரலிலே தோன்றும் புற்று. இவ்வகைப் புற்றுக்களுள் மிகுதியாகக் காணப்படுவதனை மருத்துவ நூலார் ஹெபடோபிளாஸ்டோமா என்று வழங்குவர். ஈரலின் அணுக்கள் முதிர்ச்சியெய்தாத நிலையிலேயே நெறி பிறழ்ந்து பெருகுதலால் உண்டாவது இது. பெரும்பாலும் மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளையே பற்றும். பத்து லட்சம் குழந்தைகளுள் ஆண்டொன்றுக்கு ஒருவர் அல்லது இருவர்க்கே இந்நோய் வருகின்றது. ஆகவே, கிராமத்து மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதிலும் இதனை ஒருமுறையேனும் காணாதிருத்தல் கூடும். தாம் கண்டிராத நோயை எதிர்பார்த்து நிற்றல் எவர்க்கும் அரிது. அவரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. அவர்க்குத் துணையாக ஒரு விதி இருத்தல் வேண்டுமென்பதே நம் கருத்து. அவ்விதி மிக எளியது: குழந்தையின் வயிற்றில் கட்டியேனும் காரணந் தெரியாத பருமனேனும் காணப்படின், அதற்கு யாதொரு பெயரும் சூட்டுமுன் ஒருவாரத்திற்குள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

இங்ஙனம் வற்புறுத்துவது ஏனெனின், இக்கட்டி தொடக்கத்திற் குழந்தையை வருத்துவதில்லை. தாய் குழந்தையைக் காலிற் கிடத்தி நீராட்டும்போது, வலப்புற விலாவின் கீழே கைக்குக் கடினமாக ஏதோ தட்டுப்படுகின்றது. குழந்தையோ சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும். பசி குறைதலும் உடல் மெலிதலும் பின்னரே வரும். ஈரல் நோயென்றால் மஞ்சட்காமாலை தோன்ற வேண்டுமென்று பலர் எண்ணுகின்றனர். இந்நோயில் அது பெரும்பாலும் தோன்றுவதில்லை. வலியும் இல்லை, மஞ்சளும் இல்லை, ஆதலின் அச்சமும் இல்லை. அச்சமின்மையால் நாட்கள் வீணாகின்றன.

தாயைப் பழித்தலும் நம்மிடையே உள்ளதொரு கொடிய வழக்கம். கருவுற்றிருந்தபோது அவள் உண்டது தகாது, மிதித்தது தகாது, பார்த்தது தகாது என்று உறவினர் கூறுவர். இதற்கு யாதோர் ஆதாரமுமில்லை. மிகக் குறைந்த எடையோடு, அதாவது 1500 கிராமுக்கும் குறைவாக, முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளுக்கு இந்நோய் சற்று மிகுதியாக வருகின்றது. நாவும் உடலும் அளவுக்கு மிஞ்சி வளரும் பெக்வித் வீடமன் என்னும் பிறவிக் குறையுடையாரிடத்தும், பெருங்குடலிற் பல சிறுகட்டிகள் தோன்றும் பரம்பரை நோயுள்ள குடும்பங்களிலும் இது காணப்படுகின்றது. பெக்வித் வீடமன் குறையுடைய குழந்தைகளை முதல் சில ஆண்டுகளில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவருதல் மருத்துவர் வழக்கம். ஏனைய குழந்தைகளிற் பெரும்பாலோர்க்குக் காரணம் இன்னதென்று புலப்படுவதேயில்லை. இது தொற்றுநோயுமன்று, சாபமுமன்று.

நோயை அறியும் முறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒலியலையால் இயங்குவது. அதனாற் குழந்தைக்கு யாதொரு தீங்குமில்லை. கருவுற்ற பெண்டிர்க்காகவே அக்கருவி சிற்றூர்களையடுத்த நகரங்களிலும் வந்துவிட்டது. கட்டி ஈரலில் உள்ளதா, சிறுநீரகத்தில் உள்ளதா, வேறிடத்தினின்றும் எழுந்ததா என்பதை அது பெரும்பாலும் காட்டிவிடும். ஈரலிற் கட்டியுண்டெனத் தெரிந்தபின், இரத்தத்தில் ஆல்பா பீடோ புரோட்டீன் என்னும் பொருளின் அளவைப் பார்ப்பர். இஃது ஒருவகைப் புரதம். ஹெபடோபிளாஸ்டோமா உள்ள குழந்தைகளுள் பதின்மரில் ஏறக்குறைய ஒன்பதின்மர்க்கு இவ்வளவு மிக உயர்ந்திருக்கும். ஆயினும் ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. கருவிலிருக்கும் சிசுவின் ஈரல் இப்பொருளை இயல்பாகவே ஏராளமாய் உண்டாக்குகின்றது. ஆதலாற் பிறந்த குழந்தைக்கு நோய் யாதுமின்றியே இவ்வளவு பல்லாயிரமாக இருக்கும்; பின்பு படிப்படியாய் இறங்கி, ஏறத்தாழ ஓராண்டு நிரம்புங்கால் வளர்ந்தோரின் அளவை எய்தும். பரிசோதனைச்சாலை தரும் தாளில் அச்சிட்டிருப்பது வளர்ந்தோர்க்குரிய அளவே. அதனோடு மூன்று மாதக் குழந்தையின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துக் கலங்கும் பெற்றோரும் உளர். எண் ஒன்றே, வயதுக்கேற்ப அதன் பொருள் வேறு.

பின்னர் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, ஈரலின் நான்கு பிரிவுகளுள் எத்தனையிற் கட்டி பரவியுள்ளது, எத்தனை பிரிவுகள் பழுதின்றி நிற்கின்றன என்று கணக்கிடுவர். இப்புற்று ஈரலைக் கடந்து செல்லுமாயிற் பெரும்பாலும் நுரையீரலுக்கே செல்லுமாதலின் மார்பையும் ஆராய்வர். ஊசியாற் சிறிது சதையெடுத்துச் சோதித்தலும் உண்டு. அச்சோதனையாற் புற்று கலைந்து பரவிவிடுமென்று அஞ்சிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவோர் உளரென்று கேள்வியுறுகிறோம். தக்க மருத்துவமனையில் முறைப்படி செய்யப்படும் சோதனையைக் கண்டு அங்ஙனம் ஓடுதல் அறியாமை. நோய் இன்னதென்று அறியாமற் செய்யும் வைத்தியத்தின் தீங்கு அதனினும் பன்மடங்கு பெரிது.

கட்டியென்ற சொல்லைக் கேட்டவுடனே புற்றென்று அலறுதலும் கூடாது. குழந்தைகளின் ஈரற்கட்டிகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒருபங்கு புற்றல்லாதனவே. இரத்தக்குழாய்கள் பின்னித் தோன்றும் ஒருவகைக் கட்டி காலப்போக்கிற் றானே சுருங்கும். வேண்டுமிடத்து மருந்தாலும் சுருக்கப்படும். இன்னும் வியப்பு யாதெனின், கைக்குழந்தைகளின் நரம்பணுக்களிற் றோன்றி ஈரல்வரை பரவும் நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றின் ஒருவகை, பெருஞ்சிகிச்சை யாதுமின்றியே பல குழந்தைகளிடம் மறைந்துபோகின்றது. ஆகையால், எல்லாவற்றிற்கும் ஒரே கஷாயம் என்பது எவ்வளவு பிழையோ, எல்லாவற்றிற்கும் ஒரே கத்தி என்பதும் அவ்வளவு பிழையாம்.

இனிச் சிகிச்சையைப் பார்ப்போம். ஈரலுக்கு ஆண்டவன் அளித்துள்ள தனிச்சிறப்பு ஒன்றுண்டு. நல்ல ஈரலாயின், அதன் முக்காற்பங்கை வெட்டி நீக்கினும் எஞ்சிய பகுதி விரைவில் வளர்ந்து குறையை நிரப்பிவிடும். ஆதலின் கட்டியை முற்றும் நீக்குதலே இந்நோய்க்குச் சிகிச்சையின் உயிர்நிலை. ஆயினும் நோய் கண்டறியப்படுங்கால் பல குழந்தைகளின் கட்டி உடனே வெட்டியெடுக்க இயலாதவாறு பெருத்திருக்கும். பழங்காலத்தில் இவர்கள் கைவிடப்பட்டனர். அக்காலத்திற் பிழைத்தோர் மூவரில் ஒருவரளவே. இந்நிலையை மாற்றியது சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து.

அம்மருந்தின் வரலாறு சுவையுடையது. அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலே பார்னெட் ரோஸன்பர்க் என்னும் அறிஞர், மின்சாரம் பாயுமிடத்து நுண்கிருமிகள் எங்ஙனம் பெருகுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமிகள் பிளவுபடவில்லை, நூலிழைபோல் நீண்டுகொண்டே போயின. மின்சாரந்தான் காரணமோ என்று துருவியாராயவே, மின்முனைகளாக வைத்த பிளாட்டினம் சிறிது கரைந்து உண்டான கூட்டுப்பொருளே காரணமென விளங்கிற்று. 1965-ல் இச்செய்தி வெளியாயிற்று. அணுக்கள் பிளவுபடுதலைத் தடுக்கும் பொருள் புற்றின் பெருக்கத்தையும் தடுக்குமன்றோ என்று அவர் எண்ணியதன் பயனாக, 1978-ல் அது மருந்தாக அமெரிக்க அரசாங்கத்தாரால் ஏற்கப்பெற்றது. ஈரலைப் பற்றி ஒருவரும் நினையாதிருந்த ஓர் ஆராய்ச்சி ஈரற்புற்றுக் குழந்தைகளுக்கு உயிர் தந்தது. புற்றுநோய்க் குழந்தைகட்கு மருந்தால் நன்மை விளையுமென்று முதன்முதற் காட்டியது 1948-ல் பாஸ்டன் நகரத்தில் ஸிட்னி பார்பர் என்பார் இரத்தப் புற்றுக்குச் செய்த சிகிச்சை. அதற்குரிய மருந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று கடல் கடந்து சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பாரின் ஆராய்ச்சிக் கூட்டத்தாரிடமிருந்து சென்றது. நம்மவர் பலர் இதனை அறியார்.

சிஸ்பிளாட்டினை நாளத்தில் ஏற்றக் கட்டி சுருங்கும். சுருங்கியபின் இரண சிகிச்சையால் அதனை அகற்றுவர். கட்டி ஈரலின் ஒரு பகுதியோடு நின்று வெளியே பரவாதிருக்கும் குழந்தைகட்கு, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையாக நான்கு தடவை மருந்து, பின்பு இரண சிகிச்சை, பின்பு மீண்டும் இரு தடவை மருந்து என்பது ஐரோப்பிய மருத்துவர் வகுத்ததொரு முறை. இம்முறையிற் சிகிச்சை பெற்ற அக்குழந்தைகளுள் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டோர் மூன்றாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனரென்று 2009-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. நுரையீரலுக்குப் பரவிய குழந்தைகளும் கைவிடத்தக்கவரல்லர்; கடுமையான மருந்துமுறையால் அவருள்ளும் பெரும்பாலோர் பிழைத்தனர். வெட்டியகற்ற இயலாதவிடத்து ஈரல் முழுதையும் மாற்றி, பெற்றோருள் ஒருவரது ஈரலின் ஒரு பகுதியை வைத்தலும் இன்று நம் நாட்டிலேயே நடைபெறுகின்றது.

இம்மருந்திற்கு ஒரு குற்றமுண்டு. அஃது உட்செவியைத் தாக்கும். மெல்லிய உயர்ந்த ஒலிகளே முதலிற் கேளாமற்போம். ஸகர ஷகர ஒலிகள் கேளாத குழந்தை, பேச்சுக் கற்கும் பருவத்திலேயே பேச்சின் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றது. பின்னர்ப் பள்ளியில் மந்தமென்று பெயர் பெறுகின்றது. இதற்கும் ஒரு பரிகாரம் காணப்பட்டுள்ளது. மருந்தேற்றி ஆறு மணி நேரங் கழித்து ஸோடியம் தயோஸல்பேட் என்னும் உப்பை நாளத்திற் செலுத்தினாற் செவி பெரிதும் காக்கப்படுகின்றது. அவ்வுப்புப் பெறாதாருள் நூற்றுக்கு 63 பேர்க்குச் செவி பழுதாக, பெற்றாருள் 33 பேர்க்கே பழுதாயிற்றென்று 2018-ல் வெளியிட்டனர். இவ்வுப்பு வேறொன்றுமன்று; பிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று வழங்கிவந்த அதுவே, மருத்துவத்திற்கேற்பத் தூய்மை செய்யப்பட்டது. உயிர் பிழைத்ததே போதும், காது எதற்கு என்று சொல்லும் மனநிலையை நாம் ஏற்றல் கூடாது. சிகிச்சை பெறும் குழந்தைகள் அனைவர்க்கும் செவிச்சோதனை தவறாது நடத்தல் வேண்டும்.

இவ்வளவு இருந்தும் குழந்தைகள் மடிவானேன்? உலக சுகாதார நிறுவனத்தார் 2018-ல் தொடங்கிய முயற்சியின்போது எடுத்துக்காட்டிய கணக்கு இது: செல்வ நாடுகளிற் புற்றுநோய்க் குழந்தைகளுள் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் நலம் பெறுகின்றனர், வறிய நாடுகள் பலவற்றிலோ 30-க்கும் குறைவு. 2030-க்குள் உலகெங்கும் 60 பேரேனும் பிழைக்க வேண்டுமென்பது அவர்தம் குறி. இவ்வேற்றுமைக்கு மருந்தில்லாமை ஒரு காரணமே. நோயைக் காலந்தாழ்த்தி அறிதல் மற்றொன்று. சிகிச்சையை இடையிலே விட்டுவிடுதல் பிறிதொன்று. இம்மூன்றாவதனைப் பற்றியே நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

ஒரு கூலித்தொழிலாளியின் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் திட்டங்கள் இன்று மருந்துக்கும் இரண சிகிச்சைக்கும் பணந் தருகின்றன. இது பெரிய நன்மையே. ஆயின், நான்கைந்து மாதம் ஊருக்கும் நகரத்துக்கும் அலையும் பஸ் கூலி யார் தருவார்? தந்தையின் நாட்கூலி போயிற்று. தாய் மருத்துவமனை வராந்தாவிலே படுத்துறங்குகின்றாள். ஊரிலே விடப்பட்ட மூத்த பெண் தம்பியரைப் பார்த்துக்கொள்ளும் பொருட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கின்றாள். இந்நிலையில் இரண்டு மூன்று தடவை மருந்தேறியவுடன் குழந்தையின் வயிறு வடிந்துவிடுகின்றது. முகந் தெளிந்து விளையாடுகின்றது. குணமாயிற்றென்று எண்ணி ஊர் திரும்பிவிடுகின்றனர். கட்டியோ உள்ளே சுருங்கிக் கிடக்கின்றது, நீக்கப்படவில்லை. சில மாதங்களில் மீண்டும் பெருகுங்கால், முன்னே பணிந்த மருந்துக்கு இப்போது பணிவதில்லை. இதனை அறியாமை என்று ஒரு சொல்லிற் கூறி முடித்துவிடுதல் எளிது. அக்குடும்பத்தின் நிலையில் நாம் இருந்தால் வேறென் செய்திருப்போம் என்று கேட்டுப் பார்த்தால் அச்சொல் நாவில் எழாது.

மருந்துக்கும் நோயாளிக்கும் இடையே நிற்கும் தடை பெரும்பாலும் மருத்துவத்தினுள் இருப்பதில்லை. வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வித்திட்ட ஐடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவர்கள் பிரசவ வேதனையிலிருந்த தத்தம் மனைவியர்க்கு உதவ வருமாறு அவரை வேண்டினர். அவர் அப்போது மருத்துவரல்லர். அவருடைய தந்தையார் மருத்துவராய் அவ்வீட்டிலேயே இருந்தார். ஆடவர் தீண்டலாகாதென்று அவரை அம்மூவரும் மறுத்துவிட்டனர். மூன்று பெண்டிரும் மாண்டனர். மருத்துவம் அவ்வீட்டின் வாயிலில் நின்றது; செல்ல வழியில்லை. அம்மையார் அவ்வழியையே திறக்கப் புகுந்து, மருத்துவம் பயின்று மீண்டு, 1918-ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இக்காலத்துத் தடை தீண்டாமையன்று. பஸ் கூலியும், படுக்க இடமும், விளக்கிச் சொல்ல ஒரு நாவும் இல்லாமையே.

ஈண்டு ஓர் ஆட்சேபம் கூறப்படும். காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் எத்தனையோ குழந்தைகள் இறக்கும் நாட்டிலே, பத்து லட்சத்தில் ஒருவர்க்கு வரும் நோயின்மேற் பொருளைச் செலவிடுதல் முறையோ என்பர். இதனை நாம் இகழ்ந்து தள்ளலாகாது. ஈரல் மாற்றுச் சிகிச்சையின் பெருஞ்செலவை நோக்க, இவ்வாட்சேபம் ஓரளவு வலியுடையதே. ஆயினும் நாம் வேண்டுவனவற்றுட் பெரும்பாலன புதிய செலவல்ல. ஸ்கேன் கருவி முன்னரே இருக்கின்றது. சிஸ்பிளாட்டின் பழைய மருந்து. நம் நாட்டிலேயே பல கம்பெனிகளாற் செய்யப்படுவது. இக்காலத்துப் புது மருந்துகளை நோக்க விலை குறைந்தது. நான்கைந்து மாதச் சிகிச்சையாற் குழந்தைக்குக் கிடைப்பது ஓராண்டு ஈராண்டன்று, ஒரு முழு வாழ்நாள். அன்றியும் ஈரற்கட்டிக்காக நாம் கூறும் விதி ஈரற்கட்டியோடு நிற்பதன்று. வயிற்றுப் பருமனைக் கண்டவுடன் ஸ்கேன் எடுக்கும் ஊரிலே, சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டியும் காலத்தில் அகப்படும். குழந்தையின் கருவிழியில் வெண்ணொளி தோன்றினால் உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டுமென்று கற்ற ஊரிலே, கட்புற்றால் உயிரும் பார்வையும் போகா.

வருமுன் காத்தற்கும் ஒரு வழி உண்டு. சற்று மூத்த பிள்ளைகட்கு வரும் ஈரற்புற்று வேறுவகை. அது பலரிடத்து ஹெபடைடிஸ் பி என்னும் கிருமியால் விளைவது. தைவான் நாட்டார் 1984-ல் சிசுக்களுக்கு அதன் தடுப்பூசி போடத் தொடங்கினர். பின்னர் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் ஈரற்புற்று லட்சத்துக்கு 0.70 என்பதிலிருந்து 0.36 ஆகக் குறைந்ததென 1997-ல் வெளியிட்டனர். ஒரு தடுப்பூசியால் ஒரு புற்றுநோய் குறைந்ததென்று ஒரு நாடு முழுவதிலும் கண்டது இதுவே முதன்முறை. நம் நாட்டில் 2011 முதல் இத்தடுப்பூசி எங்கும் இலவசமாகப் போடப்படுகின்றது. பிறந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்பட வேண்டுமென்பதைப் பெற்றோர் கேட்டறிந்து கொள்வாராக.

இக்கல்லூரியிற் பயில்வோர் அனைவரும் மருத்துவராகப் போவதில்லை. ஆயினும் இங்குப் பயின்றோர் ஆசிரியராகவும், உபதேசியாராகவும், அலுவலராகவும் ஊர்தோறும் இருக்கின்றனர். குழந்தைக்கு ஒன்று நேர்ந்தால் ஏழைகள் முதலிற் கேட்பது இத்தகையோரைத்தான். மருத்துவரைக் கேட்பது பின்னரே. நல்ல சமாரியனுடைய கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவன் காயங்கட்டினதோடு நின்றானில்லை. காயப்பட்டவனைச் சத்திரத்திற்குக் கொண்டுசென்று, சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்துத் தங்கவைத்தான். எண்ணெயும் திராட்சரசமும் பிரசங்கங்களில் விரிவாகப் பேசப்படுகின்றன. சத்திரக் கூலியை எடுத்துரைப்பார் மிகச் சிலரே.

ஆதலின் நம் சமூக சேவைச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அருகில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, வெளியூரிலிருந்து புற்றுநோய்க் குழந்தைகளோடு வரும் தாய்மார் தங்குதற்கு விடுதல் வேண்டும். சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பும் அரிசியும் போதும். மாணவர் இருவர் முறைவைத்துச் சென்று, சீட்டு வாங்குமிடத்தும் இன்ஷூரன்ஸ் தாள் எழுதுமிடத்தும் உடனிருக்கலாம். அடுத்த மருந்து நாள் எது என்று பெற்றோர்க்குத் தொலைபேசியில் நினைவூட்டலாம். வாராதவரைத் தேடிச் செல்லலாம். சிகிச்சை முடிந்தபின்னும் சில ஆண்டு இரத்தச் சோதனைக்கு வரவேண்டுமாதலின், அக்கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். இவற்றிற்கெல்லாம் ஆகும் செலவு நம் விளையாட்டு விழாவின் பந்தற் செலவினும் மிகாதென்பது என் கணக்கு. கணக்குப் பிழையாயின் சங்கத்தின் பொருளாளர் திருத்துவாராக. இப்பொருள் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படுமாயின் முதல் மாதச் சந்தாவை இதனை எழுதுவோனே செலுத்த ஒருப்படுகின்றான்.